ஐலாவின் வலது காது

டூ ஹார்பர்ஸ், மின்னசோட்டா
அக்டோபர் 9

அன்புள்ள ரெய்னோ,

நானும் ஐலாவும் சுகம். டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு உன் கப்பலை எட்டும்போது இதுவும் உன் கைக்கு வந்துவிடும். போனில் சொன்னால் "சரி, சரி" என்று வைத்துவிடுவாய், பாதி உன் காதில் விழாது. கம்பளிக் காலுறை தனிப் பொட்டலத்தில் இருக்கிறது. முதலில் அதைப் போட்டுக்கொள், பிறகு கோபப்படு.

பள்ளிக்கூடத்தில் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் செய்யும் பரிசோதனைக்குச் செவ்வாயன்று ஐலாவைக் கூட்டிப்போனேன். வட்டம் வரைந்தாள், ஒற்றைக் காலில் நின்றாள். காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் வாளியில் ஒரு கட்டையைப் போடச் சொன்னார்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. நர்ஸ் டோரீன் கன்னத்தைத் தட்டிக் கெட்டிக்காரி என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காரில் வரும்போது அவளே சொன்னாள்: "அப்பா சொன்ன மாதிரியே செஞ்சேம்மா. அந்த ஆன்ட்டி விரல் பட்டன அமுக்குறப்பல்லாம் கட்டையப் போட்டேன்."

வண்டியை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு அழுதேன். வருஷா வருஷம் கப்பல் கம்பெனி டாக்டரிடம் காது கேட்பதாகக் காட்ட நீ செய்யும் வித்தை அல்லவா அது! அதைப் பிள்ளைக்கு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று பிடிவாதக்காரிப் பட்டம் கொடுத்தோமே, ஜூலையில் ஐஸ்கிரீம் கிடையாது என்று தண்டித்தோமே, நம்மை எதால் அடித்தால் தகும்?

மறுநாளே திரும்பிப் போனேன். "எம் பொண்ணு பாஸ் ஆகல. திரும்பப் பாருங்க" என்றேன். டோரீன் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். ஐலா கட்டையைப் பிடித்தபடி கழுத்தை வளைத்து வளைத்து விரலைத் தேடினாள். வலது காதில் ஒன்றுமே விழவில்லை. இடது காதில் பாதிதான்.

உன் அக்கா வியெனோ வந்து குதித்தாள். "பாஸ் பண்ண புள்ளைய வலியப் போய் ஃபெயிலாக்கிட்டு வந்திருக்கியே, புத்தி கெட்டுப் போச்சா?" என்று கேட்டாள். "ஆமா, கெட்டுத்தான் போச்சு. காபியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றேன்.

சின்ன வயதில் காது கேட்கவில்லை என்று உன்னைக் கடைசி பெஞ்சில் தள்ளி மக்கு என்று சிரித்தார்கள். அதனால்தான் இப்படிச் செய்தாய், தெரியும். அதற்காக என் பெண்ணை ஒளித்து வைக்க மாட்டேன். இனி வாரம் இருமுறை காது கேளாத பிள்ளைகளுக்கான ஆசிரியை ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுப்பார், அதுவும் இலவசம். பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை.

உன் காதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. அது உன் பிழைப்பு, நீயே முடிவு செய்.

இருபத்திரண்டாம் தேதி டுலூத்தில் காது டாக்டர் பார்க்கிறார். இவளோ "நான் ஜெயிச்சாத்தான் அப்பாவுக்குப் பிடிக்கும்" என்கிறாள். ஜன்னல் கண்ணாடியில்கூட யார் விரலாவது தெரிகிறதா என்று தேடுகிறாள். நான் சொல்லி அவள் கேட்பதாக இல்லை.

அதனால் அவளுக்கு ஒரு கார்டு போடு, நான் படித்துக் காட்டுகிறேன். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே சொல்லலாம், அப்பா கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று எழுது.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். அப்பாவுக்கும் கேட்பதில்லை என்று அந்தக் கார்டில் ஒரு வரி சேர்க்க உனக்குத் தைரியத்தையும் கொடுக்கட்டும்.

உன்,
மார்லிஸ்