ஹாஸ்டல் மதில்

குற்றாலம்,
செவ்வாய்க்கிழமை.

அப்பாவுக்கு,

நேரில் பேச வந்தால், நம் லாட்ஜில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று வாயை அடைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பி.எஸ்சி. நர்சிங்குக்கு இரண்டு கல்லூரி பார்த்தோம். இரண்டிலும் நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "ஹாஸ்டல் மதில் எத்தன அடி சார் இருக்கும்?"

எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று நான் கேட்டேன். மதுரையில் வார்டுக்கே கூட்டிப்போய்க் காட்டினார்கள். தென்காசிப் பக்கத்துக் கல்லூரியில், "அதெல்லாம் கடைசி வருசம் பாத்துக்கிடலாம்மா" என்று சிரித்தார்கள். ஊசி போட்டுப் பழகும் பொம்மைக்கு இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஆனால் மதில் பத்தடி. அங்கேயே என்னைச் சேர்த்துவிட்டீர்கள்.

போன சீசனில், அம்மாவுக்கு டிரிப் ஏற்ற நரம்பு கிடைக்காமல் ஐந்து இடத்தில் குத்தினாளே ஒரு நர்ஸ், நினைவிருக்கிறதா? "ஏட்டி, நீ எங்கன படிச்சிட்டு வந்தே?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினீர்கள். அவள் அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள்.

நீங்கள் மதிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் அந்தத் தென்காசிக் கல்லூரி ஆபீஸ் சுவரில் பட்டமளிப்பு விழா போட்டோவைப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் அந்த நர்ஸ் நிற்கிறாள்.

நாளைக்கு யாராவது என்னிடம் அதையே கேட்டுக் கத்தினால், மதில் பத்தடி என்று சொல்லட்டுமா?

உங்கள் மகள்