உன் கைக்கு ஒரு வெட்டுக்கத்தி

அன்பு மனைவிக்கு,

நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

வேலியில் சாய்ந்த கிளையை எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் வெட்டித் தந்ததாக எழுதியிருந்தாய். ஒரே வெட்டாம். காபியும் கொடுத்தாயாம். உன் கடிதத்தில் அவர் நான்கு இடத்தில் வருகிறார். நான் உறைமேல் முகவரியில் மட்டும் வருகிறேன். சும்மா எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இங்கே புதர் வெட்டும்போது கம்பெனிக் கத்தி பிடியிலிருந்து கழன்றுவிட்டது. கையில் இரண்டே தையல், பயப்படாதே. புதுக்கத்தி வாங்கப் போனேன். ஒன்று பிடித்திருந்தது. விலை குறைவு, ஆனால் பிடியின் கடைசிவரை இரும்பு ஓடுகிறது; எந்த முரட்டு வேலைக்கும் கழலாது.

"உங்க கைக்கு இந்தப் பிடி சின்னதா இருக்கே?" என்றார் கடைக்காரர்.

"என் கைக்கு இல்லீங்க," என்றேன்.

எனக்குக் கம்பெனியில் பழைய கத்தியையே ஆணி அடித்துக் கொடுத்துவிட்டார்கள். உன் கை அளவு மனப்பாடம் என்றுதான் நினைத்திருந்தேன். கடையில் சந்தேகம் வந்துவிட்டது; வாங்காமல் திரும்பிவிட்டேன். ஒரு தாளில் கையை வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்பு.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. நான் கத்தியோடு வரும்வரை எந்தக் கிளை சாய்ந்தாலும் சாய்ந்தபடியே கிடக்கட்டும்.