திரையின் கீழ் விளிம்பு

ஆம்பல் நிலையம், நிலவின் தென்துருவம்

நாள் 211 – 07:10

கட்டுப்பாட்டு மேசையின் மானிட்டர் இன்று காலை அணைந்தது. அதற்கு மின்சாரம் வருகிறது, படம் வரவில்லை. பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு சர்க்யூட் பலகை கருகியிருக்கிறது. மாற்றுப் பலகை கையிருப்பில் இல்லை.

விதிப்படி ஆட்கள் விவரம்: நிலையத்தில் இருவர். நான் பூங்கோதை, பனி ஆய்வாளர். மற்றவர் காஸ்பர் மச்சாடோ, எந்திரப் பொறியாளர். காஸ்பர் முந்தாநாள் வண்டியை எடுத்துக்கொண்டு துளையிடும் கொட்டகைக்குப் பழுது பார்க்கப் போயிருக்கிறார். முப்பத்தெட்டு கிலோமீட்டர். இங்கிருந்து போகும் ஒரே கேபிள்தான் கொட்டகைக்கு மின்சாரம். பேச்சு ரேடியோவில்.

மேசைக்கு மானிட்டர் வேண்டும். இரண்டு இருக்கின்றன. மருத்துவ அறையில் ஒரு சின்னது, துல்லியமானது. கூடத்தில் நாங்கள் படம் பார்க்கிற பெரிய டிவி.

நாள் 211 – 09:30

ரேடியோ, காஸ்பர்: "எக்கா, சின்னதயே மாட்டுங்க. பெருசு படம் பாக்குத பெட்டி. மேசைக்கு ஆவாது."

நான்: "உனக்குக் கண்ணு நல்லா இருக்குது, பேசற. எனக்கு அந்தச் சின்னதுல எட்டும் மூணும் ஒண்ணாத் தெரியுதுப்பா."

"அதெல்லாம் இல்ல. வேலை நேரத்துல படம் ஓட்டத்தான பெருச மேசைக்குக் கொண்டு போறிய?"

"வாய மூடிட்டுத் துளையப் பாரு சாமி."

பெரியதையே தேர்ந்தெடுத்தேன்.

நாள் 211 – 16:40

மாட்டியாயிற்று. மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். டிவியின் கால் உயரம், ஆகவே கழற்றிவிட்டு இரண்டு பனி மாதிரிப் பெட்டிகளின் மேல் நிறுத்தி வார்ப்பட்டையால் கட்டினேன். நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். கூரை விளக்கு கண்ணாடியில் எதிரொளித்தது, விளக்கைத் திருப்பினேன். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தேன். சினிமாவுக்காக வைத்திருந்த பளபளப்பு நிறங்களை நிறுத்தினேன்.

நிறம் சரிபார்க்கப் பசுமை அறையிலிருந்து ஒரு தக்காளி பறித்து வந்தேன். கேமரா முன் பிடித்து, கையில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒரே சிவப்பாகும்வரை திருத்தினேன். செடியில் மூன்று பழங்கள் இருந்தன. இரண்டைக் காணோம். கொட்டகைக்குப் போயிருக்கும்.

டிவியின் சொந்த ஸ்பீக்கர் முன்பே செத்துவிட்டது. தனி ஸ்பீக்கர் கூடத்துச் சுவரில் இருக்கிறது. கழற்றவில்லை.

எழுத்துகள் கொஞ்சம் மழுங்கலாகத் தெரிகின்றன. என் கண்தான்.

நாள் 212 – 20:15

வேலை குறைவு. காஸ்பருடன் ரேடியோவில் பேசினேன். பாதியில் நிறுத்திய படத்தை நான் தனியாகப் பார்க்கக்கூடாது என்று மறுபடியும் சத்தியம் வாங்கினார். படங்கள் என் தங்கை ஊரில், கோபியில், டிவியிலிருந்து பதிவு செய்து கொடுத்தவை. கீழே நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை. அழுகைக் காட்சியிலும் ஓடும். எனக்கு அது பிடிக்காது. வந்த புதிதில் காஸ்பர் ரிமோட்டை வைத்துக்கொண்டு என்னவோ செய்து அந்த வரியே தெரியாமல் ஆக்கினார். "நகைக்கடைய மூடியாச்சு எக்கா" என்று அறிவித்தார்.

நாள் 214 – 11:52

11:20க்கு விண்கல் தூறல். நிலையத்தின் சுவர் தாங்கியது. சூரியத் தகடுகளில் பாதிக்குமேல் உடைந்தன. ரேடியோக் கம்பம் விழுந்தது. பூமியைப் பார்க்கும் ஆன்டெனாத் தட்டு தப்பியது, அங்குள்ள கட்டுப்பாட்டு மையத்துடன் பேச முடிகிறது.

காஸ்பரின் கடைசிப் பேச்சு, 11:19: "எக்கா, துளைக்குழாய் ஆடுது. இறங்கிப் பாத்துட்டு வாரேன்."

நாள் 214 – 17:05

கொட்டகைக் கேபிளைச் சோதித்தேன். மின்சாரம் போகிறது. அதற்குள் எழுத்துச் செய்திக்கு இரண்டு இழைகள் உண்டு. இங்கிருந்து போகும் இழை அறுந்துவிட்டது. அங்கிருந்து வரும் இழை நன்றாக இருக்கிறது. அதாவது நான் எழுதினால் அவருக்குப் போகாது. அவர் எழுதினால் எனக்கு வரும்.

செய்தி வந்தால் திரையின் கீழ் விளிம்பில் மஞ்சள் வரி ஓடும், மணி அடிக்கும். கூடத்து ஸ்பீக்கரை இங்கே கொண்டுவந்து மாட்டினேன். டிவியைக் கூடத்திலிருந்து கழற்றும்போது அதன் சத்தத் துளை உடைந்திருக்கிறது, ஒலி வரவில்லை. பரவாயில்லை. நான் இங்கேயேதான் இருக்கிறேன்.

கீழ் விளிம்பு கறுப்பாக இருக்கிறது.

நாள் 215 – 08:00

செய்தி இல்லை.

நாள் 215 – 21:30

செய்தி இல்லை. சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. தட்டு கழுவியிருக்கிறது.

நாள் 216 – 14:10

மையத்தில் பணியிலிருப்பவர் ஹமீதா. அவருடன் பேச்சு:

"மேடம், ஏதாவது வந்துச்சா?"

"இல்லைங்க."

"கொட்டகை கரண்ட் இழுக்குதா?"

"இழுக்குதுங்க. ஹீட்டர் தானா ஓடுது. ஆள் இருந்தாலும் ஓடும், இல்லாட்டியும் ஓடும்."

"நீங்க நேர்ல போய்ப் பாக்க முடியாதா?"

"வண்டி அவன்கிட்ட இருக்குது. உடையில இருக்கற காத்து இருபது கிலோமீட்டருக்குத்தான் வரும்."

தொடர்பை முடித்துவிட்டுக் கீழ் விளிம்பைப் பார்த்தேன்.

நாள் 217 – 10:00

சூரியன் இறங்கிவிட்டது. இனி பூமிக் கணக்கில் இரண்டு வாரம் இருட்டு. மீட்புக் கலம் விடிந்தபின்தான் இறங்கும். மிஞ்சிய தகடுகள் ஏற்றிய பேட்டரி ஒரு இடத்துக்குத்தான் விடியும்வரை தாங்கும். நிலையம், கொட்டகை இரண்டுக்கும் கொடுத்தால் இரண்டும் ஒரு வாரத்தில் அணையும்.

ஹமீதா: "முடிவு உங்களோடது மேடம். நாங்க உத்தரவு போட மாட்டோம். ஆனா மூணு நாளா ஒரு வரிகூட இல்லைன்னா... எழுத முடிஞ்சா அவர் எழுதியிருப்பார் இல்லையா?"

எழுதியிருப்பான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

நாள் 218 – 17:58

கீழ் விளிம்பைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். கறுப்பு.

நாள் 218 – 18:00

கொட்டகைக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினேன். பெரிய கைப்பிடி. எளிதாக இறங்கியது.

நாள் 219 – 06:45

தூங்கினேன். கனவு எதுவும் இல்லை. மையம் அனுதாபம் சொன்னது. தூத்துக்குடியில் அவன் அண்ணனுக்குத் தகவல் போகும் என்றார்கள். சரி என்றேன்.

இங்கே சத்தமே இல்லை. பாதியில் நிறுத்திய படத்தைப் போட்டேன். சத்தியத்தைப் பற்றி யோசித்துவிட்டுத்தான் போட்டேன்.

நாள் 219 – 07:20

ஒலி இல்லாத படம். கதாநாயகியின் அப்பா இறக்கிறார். எல்லோரும் வாயைத் திறந்து அழுகிறார்கள். பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் கீழே நகைக்கடை ஓடுமே என்று தோன்றியது. ஓடவில்லை.

நாள் 219 – 07:24

அவன் அந்த வரியை அழிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கியிருக்கிறான். பெரிதாக்கியதில் நான்கு ஓரங்களும் கண்ணாடிக்கு வெளியே போய்விட்டன. அதனால்தான் எழுத்து மழுங்கல். என் கண் இல்லை.

மேசைக் கணினிக்கும் அதே அளவுதான்.

நாள் 219 – 07:31

ரிமோட். மெனு, படம், அளவு, முழுமை. மேசைக் கணினிக்கு மாற்றினேன்.

கீழ் விளிம்பில் மஞ்சள் வரி ஓடுகிறது.

நாள் 219 – 07:50

வந்த செய்திகளை நேரத்துடன் இங்கே படியெடுக்கிறேன். எல்லாவற்றையும் அல்ல. நிறைய இருக்கின்றன.

214, 13:02: "எக்கா ரேடியோ போச்சு. குழாய் நொறுங்கிட்டு, நான் நல்லாருக்கேன். நீங்க எப்படி இருக்கிய? ஒரு வரி போடுங்க."

214, 19:40: "பெருசத்தான மாட்டுனிய? எனக்குத் தெரியும்."

215, 09:15: "கோவமா? தக்காளி ரெண்டும் நான்தான் தின்னேன். ஒத்துக்கிடுதேன். பதில் போடுங்க."

216, 07:30: "வண்டிக்கு சார்ஜ் ஏற மாட்டேங்குது. வார கரண்டு ஹீட்டருக்கே சரியாப் போவுது. மெதுவா ஏறுது. முழுசா ஏறுனதும் வந்திருதேன். 220 சாயங்காலம் அங்க இருப்பேன். சோறு வைங்க."

217, 12:11: "எக்கா எதாவது சொல்லுங்க. அங்க காத்து இருக்கா?"

218, 16:20: "உங்க இழை அறுந்திருக்கும்னு இப்பதான் தோணுச்சு. எழுத முடியாட்டி கரண்ட அணச்சுப் போடுங்க. ரெண்டு தடவ. உசுரோட இருக்கியன்னு தெரிஞ்சுக்கிடுதேன்."

218, 18:00: "அணஞ்சிட்டு! ஒண்ணு! எக்கா!"

218, 18:04: "வண்டி பேட்டரில மாட்டி எழுதுதேன். போடுங்க. திரும்பப் போட்டு இன்னொரு வாட்டி அணைங்க."

218, 18:31: "என்னக்கா."

218, 19:10: "வரல. அப்ப அணச்சது நீங்க இல்ல. அங்க எல்லாம் நின்னுபோச்சு."

218, 19:26: "பயப்படாதிய. வண்டில பாதி சார்ஜ் இருக்கு. கேபிள ஒட்டியே வாரேன்."

அதன்பின் எதுவும் இல்லை.

நாள் 219 – 07:58

மின்சாரத்தைத் திரும்பப் போட்டேன். அணைத்தேன். போட்டேன். மறுபடியும் அணைத்துப் போட்டேன். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்துதான் செய்தேன்.

நாள் 219 – 08:20

ஹமீதா: "மேடம், வெளியே போகாதீங்க, ப்ளீஸ். வண்டியில ஒரு நாள் காத்து இருக்கும். நாங்க யோசிக்கிறோம்."

"ஒரு நாளுல பாதி ஆயிப்போச்சுங்க."

"உங்களையும் இழக்க முடியாது மேடம்."

"அவன் என்னக் காப்பாத்தறக்குக் கிளம்பியிருக்கான். நான் டிவி பாத்துட்டு இருந்தேன்."

அவர் அழுதார் என்று நினைக்கிறேன். தொடர்பை நான்தான் துண்டித்தேன்.

நாள் 219 – 08:55

பாதி சார்ஜில் வண்டி பத்தொன்பது கிலோமீட்டர் வரும். என் காற்று இருபது கிலோமீட்டர் போகும். ஒரு பேட்டரியைச் சறுக்குப் பலகையில் கட்டிவிட்டேன். அதை மாட்டினால் வண்டி இருவரையும் இங்கே கொண்டுவந்துவிடும். கணக்கு சரியாக வருகிறது, அவன் கேபிளை ஒட்டியே வந்திருந்தால். வழியில் எங்கும் வளைந்து போகாமல் இருந்திருந்தால்.



வாசல் விளக்கை எரியவிட்டிருக்கிறேன்.

நாள் 219 – 09:10

இதைப் படிப்பவருக்கு. கணினி ஓடிக்கொண்டிருக்கும். திரையில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போகவேண்டாம். மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் இந்த டிவி பழைய அளவுக்கே போய்விடுகிறது, இப்போதுதான் சோதித்தேன். ரிமோட் மேசையின் இடப்பக்கம் இருக்கிறது. மெனு. படம். அளவு. முழுமை.

பிறகு கீழ் விளிம்பைப் பாருங்கள். அவன் கொட்டகைக்கே திரும்பிப் போயிருந்தால் எழுதியிருப்பான்.