பாப்பாவுக்கு இன்னும் பால் கொடுக்கவில்லை

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை மோகனப்பிரியா எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் நீங்கள் வெயிலில் அலையாமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் எல்லோரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாள், சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நேற்று சாயங்காலம் அப்பா உங்களிடம் போனில் சொன்னாரே, அது பொய் அண்ணா. பிறந்ததிலிருந்து அவள் வயிற்றுக்குள் ஒரு சொட்டுப் பால் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார்கள், விளக்கைப் போடப் பயந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் பள்ளி பஸ்ஸில் அன்புச்செல்வியின் போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பிவிடுவேன்.

அண்ணிக்கு ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வந்துதான் ஏழாம் மாதமே ஆபரேஷன் செய்து பாப்பாவை எடுத்தார்கள். இதையும் உங்களிடம் மறைத்துவிட்டார்கள். அண்ணி இன்னும் கண் திறந்து பேசும் நிலையில் இல்லை, பிழைத்துக்கொள்வார் என்று சொல்கிறார்கள். பாப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள், என் உள்ளங்கையை விரித்து வைத்தால் அவள் முதுகு அதில் அடங்கிவிடும். மூக்கில் ஒரு குழாய், கையில் குளுக்கோஸ் ஊசி. பெட்டிமேல் அண்ணி பேரைப் போட்டு, புவனா குழந்தை என்று ஒட்டியிருக்கிறது. இத்தனை சின்னக் குடலுக்கு டப்பாப் பால் கொடுத்தால் புண்ணாகி உயிருக்கே ஆபத்தாகலாம், அம்மா தேறும் வரைக்கும் ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கிப் பாலைக் குழாய் வழியாகக் கொடுக்கலாம், வீட்டார் கையெழுத்துப் போடுங்கள் என்று டாக்டர் வெங்கடலட்சுமி கேட்டார். அப்பா போட மாட்டேன் என்றுவிட்டார். யாரு எவருன்னு தெரியாத பாலை எங்கூட்டுப் புள்ளைக்குக் குடுக்கச் சொல்றீங்களா, நாங்க என்ன கூட்டமுன்னு தெரியுமுங்களா என்று அத்தனை பேர் முன்னால் டாக்டரிடம் கேட்கிறார். எனக்கு அவமானத்தில் தலை நிமிர முடியவில்லை.

அதற்கு அம்மாவும் ஒரு காரணம். வராந்தாவில் எங்கள் பக்கத்தில் காளியாத்தாள் என்று ஓர் அக்கா இருக்கிறார், அவர் குழந்தையும் அதே வார்டில்தான். முதல் நாள் அம்மா அவருக்கு நம் டிபனிலிருந்து இட்லி எடுத்துக் கொடுத்து, தங்கமான புள்ளை என்றார். வால்பாறை எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் லைனில் வீடு என்று அவர் சொன்னதும் அம்மா பையைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு அந்த அக்கா பால் எடுக்கும் அறைக்குள் போவதைப் பார்த்துவிட்டு, ஏனுங்க, அந்த வால்பாறைக்காரி பாலைத்தானுங்க நம்ம புள்ளைக்குத் தரப் போறாங்க, என்ற கண்ணால பார்த்தேன் என்று அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டார். எங்களுக்கே யாரு பாலுன்னு தெரியாதுங்கம்மா, நாலஞ்சு பேருதை ஒண்ணாக் கலந்து, சூடு பண்ணி, டெஸ்ட் பண்ணித்தானுங்க வருது என்று சிஸ்டர் எவ்வளவோ சொன்னார். அதைக் கேட்டதும் அப்பாவுக்குக் கோபம் இன்னும் கூடிப்போயிற்று. காளியாத்தாள் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என்ற பாலு வேண்டாமுன்னாப் போகுதுங்க, புள்ளையக் காயப் போடாதீங்க என்று மட்டும் சொன்னார்.

நீங்களே சொல்லுங்கள் அண்ணா. தினமும் நம் மாட்டுப் பாலை சொசைட்டி கேனில்தானே ஊற்றுகிறோம், ஊர்ப் பால் அத்தனையும் கலந்துதானே போகிறது, அந்தக் கேனிடம் யாராவது சாதியும் கூட்டமும் கேட்டார்களா. இதை அப்பாவிடமே கேட்டுவிட்டேன். ஏனுங்கம்மணி, பிளஸ் ஒன்னுலயே டாக்டருக்குப் படிச்சுப்போட்டீங்களா என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், இன்னொரு வார்த்தை பேசுனா நாளையிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது என்றார். செய்யக்கூடியவர், உங்களுக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்றைக் கேளுங்கள். தாய்க்கு நினைவில்லை என்றால் தகப்பன் வீடியோ காலில் சம்மதம் சொன்னாலே போதும் என்றார் டாக்டர். அதற்கு அப்பா, பையன் பாலைவனத்துக்குள்ள வேலையா இருக்கானுங்க, சிக்னலே கெடைக்காதுங்க என்றார். உங்களோடு பேசிய அதே போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. நாளை மதியம் டாக்டர் வரும்போது, டப்பாப் பாலே போதும், என்ன ஆனாலும் எங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கப் போகிறார்.

அதனால் இதைப் பார்த்ததும் முதலில் அப்பாவைக் கூப்பிடாதீர்கள், அவர் பேசினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். வார்டு போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். டாக்டரிடம், நான்தான் தகப்பன் தீபக், பால் கொடுங்கள் என்று சொல்லுங்கள். அது போதும். யார் சொன்னது என்று அப்பா கேட்டால் என் பேரைச் சொல்லாதீர்கள் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். வேண்டாம், சொல்லுங்கள். எல்லோரும் பேசாமல் இருந்தார்கள் என்று நாளைக்கு அந்தக் குழந்தை நினைக்கக் கூடாது.

சாமி உங்களையும் அண்ணியையும் பாப்பாவையும் காப்பாற்றட்டும். மதியத்துக்குள் கூப்பிட்டுவிடுங்கள், மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அத்தை
மோகனப்பிரியா