எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டேன்

என் தேன்மொழியின் அப்பாவுக்கு,

அங்கே குளிர் இல்லாமல் சுகமாகத்தான் இருப்பீர்கள். இங்கே நாயுடுபுரத்தில் சாயங்காலமே மூடுபனி இறங்கிவிட்டது. சாக்லேட் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார முடியவில்லை, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் மகள் உங்கள் தொழிலுக்கே வந்துவிட்டாள், தெரியுமா? நீங்கள் மலையில் மண் சரிந்தால் பத்திரிகையில் எழுதுவீர்கள், யானை இறங்கினால் எழுதுவீர்கள். அவள் துப்பாக்கி சுடுகிற இடத்துக்குப் போய் எழுதப் போகிறாளாம். வடகிழக்கில் ஏதோ ஒரு மலை. அங்கே இரண்டு கூட்டங்கள் ஆயுதத்தோடு எதிரெதிரே நிற்கின்றன. இவளுக்கு வேறு மலையே கிடைக்கவில்லையா?

அனுப்புவதற்கு முன்னால் அவள் ஆபீசில் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தார்கள். அதுவும் நம் ஊரில்தான், ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவில். ஒருநாள் எல்லோருக்கும் பிஸ்கட் கொண்டுபோனேன். புல்வெளியில் கால் முழுக்க ரத்தத்தோடு இவள் கிடக்கிறாள். நான் போட்ட கூச்சலில் பாதிப்பேர் ஓடிவந்தார்கள். பார்த்தால் சிவப்புச் சாயம்! இவள் அடிபட்டவளாக நடிக்கிறாளாம்; இன்னொரு பெண் தொடையில் பட்டையை இறுக்கி ரத்தத்தை நிறுத்தப் பழகுகிறாளாம். "சத்தம் போடாதம்மா, நான் மயக்கத்துல இருக்கேன்" என்கிறாள். நான் சிரிப்பதா, அழுவதா?

கடைசி நாள் வீட்டாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். பயிற்சி கொடுத்த அம்மா பட்டாளத்தில் நர்ஸாக இருந்தவர். என்னைப் பார்த்து, "உங்க பொண்ணு வீட்ட விட்டுக் கெளம்புறப்ப என்ன கேப்பீங்க?" என்றார்.

"தூரமான்னு கேப்பேங்க."

"எங்க போறன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஐயையோ, கெளம்புறவங்கள அப்படிக் கேக்கலாமாங்க? போற காரியம் வெளங்காதுல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள், தேன்மொழியும்தான். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சரி, திரும்பி வரலைன்னா எங்கன்னு போயித் தேடுவீங்க?" என்று கேட்டார்.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? அன்றைக்கு மழையில் நீங்கள் பைக்கை எடுத்தபோதும் "தூரமா?" என்றுதான் கேட்டேன். கிளம்பும்போது எங்கே என்று கேட்டால் உங்களுக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. "பக்கத்துலதான், வெரசா வந்துருவேன்" என்றீர்கள். பெருமாள்மலையில் ரோடு இரண்டாகப் பிரிகிறது, அன்று இரண்டு பக்கமும் மண் சரிந்திருந்தது. உங்கள் தம்பியும் மற்றவர்களும் வத்தலக்குண்டு ரோட்டில் தேடினார்கள். நீங்கள் பழனி ரோட்டில் கிடந்தீர்கள். விடிந்த பிறகுதான் கிடைத்தீர்கள். "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர் அதை முடிக்கவில்லை. பழனி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் உங்கள் காரியம் என்ன கெட்டா போயிருக்கும்?

போன வாரம் தேன்மொழி பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பழக்கதோஷம், "தூரமா" நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "எங்கடி போற?" என்றேன்.

அத்தனை பயிற்சி முடித்த பிள்ளை, அவளே திடுக்கிட்டுப் போனாள். "என்னம்மா, கால வெளிய வைக்கிறப்பப் போயி கேக்குற?" என்று பையை இறக்கி வைத்து, உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். உடம்பில் ஓடுவது உங்கள் ரத்தம் என்று தெரியாமலா போகும்? அதற்கப்புறம்தான் ஊர், ரோடு, கூடப்போகிற டிரைவர் பெயர் எல்லாம் சொன்னாள். தினம் விளக்கு வைக்கிற நேரத்தில் கூப்பிடுவாளாம். இருட்டியும் போன் வராவிட்டால் நான் ஆபீசுக்குச் சொல்லிவிட வேண்டுமாம்.

தெரிந்துகொண்டால் பயம் குறையும் என்று நினைத்தேன். எங்கே குறைந்தது? இப்போது என் பயத்துக்கு ஒரு ஊர்ப்பெயர் இருக்கிறது. டிவியில் அந்தப் பெயர் வரும்போதெல்லாம் அடுப்பில் சாக்லேட் தீய்ந்துபோகிறது. நான் இப்படித் தவிப்பேன் என்றுதான் நீங்கள் சொல்லாமல் போனீர்களா?

நேற்றுவரை தவறாமல் கூப்பிட்டாள். இன்று விளக்கு வைத்தாயிற்று, இருட்டியும்விட்டது. உங்கள் தம்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "டவர் கெடைச்சிருக்காது மதினி, விடியட்டும்" என்கிறார். அன்றைக்கும் தேடிவிட்டு வந்து அப்படித்தான் சொன்னார்.

உங்கள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். உங்களுக்காக விடியும்வரை காத்திருந்தேன், அவளுக்காகக் காத்திருக்க மாட்டேன். ஒன்றும் இல்லையென்றால் ஊரே சிரிக்கட்டும், வந்து அவளே திட்டட்டும். இதோ ஆபீசுக்குப் போன் போடுகிறேன். எந்த ஊர், எந்த ரோடு என்று கேட்பார்கள். இந்தத் தடவை எனக்குத் தெரியும்.

தேன்மொழியின் அம்மா,
உங்கள் ராணி