மாதுளைச் சாறும் காலி பாட்டில்களும்

2 செப்டம்பர், செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மேகம் மூடிக்கொண்டு நிற்கிறது, மழை மட்டும் இல்லை. ஸ்கூட்டர் மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

எடுத்துப் போனவை: சாறு பாட்டில் 84 (பன்னிரண்டு பேர், ஏழு நாள்), பி.பி. கருவி, வருகைத் தாள், பேனா 2 (ஒன்று எழுதாது, தெரிந்தே எடுத்துப் போகிறேன்), குடை. தண்ணீர் பாட்டில் மறந்தேன்.

காவாந்தண்டலம் டீக்கடை அக்கா: "டெய்லி இந்தப் பொட்டிய தூக்கிக்கினு போறியே, உள்ள இன்னா?" மாதுளைச் சாறு என்றேன். "வியாபாரமா?" இல்லை, ஆராய்ச்சி. இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறவர்கள், மாத்திரை தேவைப்படும் அளவுக்கு இல்லாதவர்கள், எட்டு வாரம் தினம் ஒரு பாட்டில் குடிக்கிறார்கள். பாதிப் பேருக்கு அசல் சாறு. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே புளிப்பு, மாதுளை கிடையாது. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது. கடைசியில் இரத்தம் எடுத்து, அழுத்தம் குறைந்ததா, உடம்பில் ஆன்டிஆக்ஸிடன்ட் வேலை நடந்ததா என்று பார்ப்போம். கேட்டுவிட்டு அக்கா சொன்னது: "அப்ப பாதிப் பேர ஏமாத்துறீங்கோ." சிரித்துவிட்டு வந்தேன். அவளுக்கு ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது.

ஏரிக்கரை இருளர் குடியிருப்பு. பதினாலு வீடு, என் ஆட்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் காலி பாட்டில்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். எண்ணினேன், 84. ஒன்றுகூடக் குறையவில்லை. இதே ஆய்வில் இருக்கும் திருப்புலிவனத்து ஆட்கள் வாரம் நாலு பாட்டில் தொலைப்பார்கள். இங்கே ஏழு வாரமாக நூற்றுக்கு நூறு. ஆய்வை நடத்தும் சாருக்கு இந்த ஊர் என்றால் உயிர்.

முனியம்மா அக்காவுக்கு 148/92. போன வாரமும் அதேதான். நாற்று நடப் போகும் அவசரத்தில் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். அவள் மகள் சுமதி கதவோரம் உட்கார்ந்திருந்தாள். பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கிறாள். வயிறு பெரிதாகிவிட்டது, முகம் மட்டும் சின்னதாகிக்கொண்டே போகிறது.

முதுகு வலி. இராத்திரிக்குத் தயிர் சாதம் போதும்.

4 செப்டம்பர், வியாழன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை முனியம்மாவிடம் வருகைத் தாளில் ரேகை வாங்க மறந்திருக்கிறேன். அது ஒன்றுக்காக இன்று ஆறரைக்கே போனேன். சொல்லாமல் போய் நின்றது இதுவே முதல் தடவை.

வாசலில் சுமதி. கையில் எங்கள் பாட்டில். அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானைக்குள் மறைத்தாள். முனியம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து, "நான்தான்மா குடுத்தன். அத்த ஒண்ணும் சொல்லாத" என்றாள்.

எத்தனை நாளாக?

"மொத நாள்லேர்ந்து. எனக்கு இன்னாத்துக்குமா ஜூசு? வயித்துப் புள்ளக்காரி, ரத்தம் இல்லன்னு நர்சம்மா சொல்லிச்சி. இது செவப்பா கீது. குட்சா ரத்தம் ஊறும்."

ஏழு வாரம். நாற்பத்தொன்பது பாட்டில். ஒன்றுகூட முனியம்மா வாயில் படவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். என் தாள், என் எண்ணிக்கை, என் நூற்றுக்கு நூறு. அதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் சுமதியைப் பார்த்தேன். உதடு வெளுத்து, நகம் வெளுத்து. பாட்டிலை மறைக்க இரண்டடி நடந்ததற்கே மூச்சு வாங்குகிறது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை.

இரும்புச் சத்து மாத்திரை?

"அத்த துன்னா வாந்தி வருதுக்கா. அம்மாதான் ஜூஸ் குடுக்குதே, அது போதும்னு வுட்டுட்டன்."

பையில் விரல் குத்தி ஹீமோகுளோபின் பார்க்கும் சின்னக் கருவி உண்டு. ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். குத்தினேன். 5.1. கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது இருக்க வேண்டும். கருவியில் கோளாறோ என்று இன்னொரு விரல். 5.0.

108க்குப் போன் செய்தேன். நர்சம்மாவுக்கும். முனியம்மா ஆஸ்பத்திரி என்றதும் பின்வாங்கினாள். "அங்க போனா நம்மள யாருமா மதிக்கிறாங்கோ? நீ வர்றியா, நான் வரேன்." போனேன். வண்டியில் சுமதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்தப் பிடியில் வலுவே இல்லை.

சேர்த்துவிட்டோம். ஒரு யூனிட் இரத்தம் இன்றே ஏற்ற வேண்டும் என்றார் பெண் டாக்டர். குழந்தையின் இதயத் துடிப்பு இருக்கிறது. அதைக் கருவியில் கேட்டபோது முனியம்மா, "இன்னொரு தபா கேக்க வுடு" என்றாள்.

5 செப்டம்பர், வெள்ளி

மருத்துவமனை வராந்தா. மின்விசிறி ஒன்றுதான் சுற்றுகிறது. இட்லி 3, டீ 2.

நானும் இரத்தம் கொடுத்தேன். கொடுக்க 12.5 வேண்டும்; என்னுடையது 12.6, மயிரிழையில் தேறினேன். பத்து மாதமாக மற்றவர்கள் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தவள். படுத்துக்கொண்டு என் குழாய் நிறைவதைப் பார்த்தபோது தலை சுற்றியது.

சுமதி தூங்கியபின் முனியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இதுவரை தாளில் இருப்பதை வாசித்துத்தான் இருக்கிறேன், சொன்னதில்லை.

"அக்கா, அந்த பாட்டில் எல்லாத்துலயும் மாதுளை இல்ல. கொஞ்சம் பேருக்கு மாதுளை. கொஞ்சம் பேருக்கு கலர் தண்ணி, சக்கர, புளிப்பு. அவ்வளவுதான்."

சுமதி படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப எம்பொண்ணுக்கு நான் குட்த்தது இன்னா?"

"தெரியாதுக்கா. எனக்கே தெரியாது."

"நீதானமா எட்த்தாந்த?"

"நான்தான். எனக்கும் சொல்ல மாட்டாங்க. அசல் மாதுளையா இருந்தாலும் இந்த அளவு இரத்தக் குறைவுக்கு அது போதாது. அதுல இரும்பு கொஞ்சம்தான். சிவப்பா இருக்குங்கறதால இரத்தம் ஆயிடாது."

"ரேக வாங்கறப்ப இத்த சொன்னியா?"

வாசித்தேன். படிவத்தின் மூன்றாம் பக்கம், இரண்டாவது பத்தி. 'ஒப்பீட்டுப் பானம்' என்று எழுதியிருக்கும். வேகமாக வாசித்தேன். பன்னிரண்டு பேர், ஒரு மதியம், வெயில். முனியம்மா அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இது குட்சா ரத்தம் ஊறுமா?" நான் தாளிலிருந்து தலை தூக்காமல், "நல்லதுதான்கா" என்றேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு நினைவிருக்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது.

6 செப்டம்பர், சனி

மழை, ஒருவழியாக. மாடித் துணி எல்லாம் நனைந்தது.

சாருக்குப் போன். ஆய்வுக்கு அவர்தான் தலைமை. சென்னையில் இருக்கிறார், கெட்டவர் இல்லை. முதலில் சுமதி எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்டார். பிறகு:

"அந்தப் பொண்ணு நம்ம ஸ்டடிலயே இல்லம்மா."

இல்லை சார்.

"முனியம்மாவ மட்டும் 'தானாக விலகினார்'னு போட்டுடலாமே? இன்னும் ஒரு வாரம்தான். மத்த பதினோரு பேரும் ஒழுங்கா குடிச்சிருக்காங்க இல்ல?"

பாட்டில் காலியாக வருகிறது சார். யார் குடித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

மழைச் சத்தம் அவர் பக்கத்திலும் கேட்டது.

"திங்கக்கிழமை முடிவு பண்ணுவோம்."

போனை வைத்தபின் படுத்துக்கொண்டேன். ஆய்வுக் கூடத்தில் குழாய்க்குள் மாதுளைச் சாற்றை விட்டால் அற்புதம். நிறம் மாறும், எண்கள் இறங்கும், கைதட்டத் தோன்றும். எம்.எஸ்சி. படிக்கும்போது அதில் மயங்கித்தான் இந்த வேலைக்கே வந்தேன். குழாய்க்கு வீடு கிடையாது, மகள் கிடையாது.

அம்மா போன். சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

8 செப்டம்பர், திங்கள்

சார் கூப்பிடுமுன் நானே ஏரிக்கரைக்குப் போனேன். புளிய மரத்தடியில் பதினோரு பேரையும் உட்கார வைத்துக் கேட்டேன். தாள் எடுக்கவில்லை, பேனா எடுக்கவில்லை. யாரையும் திட்ட மாட்டேன், பெயரை நீக்க மாட்டேன், உண்மையை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

விறகு வெட்டும் குப்பு அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"சின்னதுக்கு ஒரு முடக்கு, பெர்சுக்கு ஒரு முடக்கு. மிச்சம் கீறத நான் குட்சன். புள்ளைங்க பாத்துக்கினு நிக்கறப்ப நாம எப்டிமா முழுங்கறது?"

அப்புறம் ஒவ்வொருவராக. மருமகளுக்கு. காய்ச்சலில் கிடந்த தம்பிக்கு. ஒருத்தி பாதியைக் கோயிலில் வைத்துவிட்டு மீதியை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறாள். முழுதாகத் தானே குடித்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர், "வூட்டுக்குத் தெரியாம குட்சன்" என்று வெட்கப்பட்டார். நாங்கள் சொன்னபடி நடந்ததற்குத்தான் அந்த வெட்கம்.

பிறகு எதற்குக் காலி பாட்டிலை அத்தனை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தீர்கள்?

"நீ கேட்ட, குட்த்தோம்" என்றார் குப்பு அண்ணன். "நீ பாட்டிலுதான கேட்ட?"

வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதினேன். முனியம்மா, மகள், ஏழு வாரம். ஏழு பேர் பகிர்ந்தது. சுமதிக்குக் கருவி பயன்படுத்தியது. 'நல்லதுதான்' என்று நான் சொன்னதையும் எழுதினேன். அந்த வரியை இரண்டு தடவை அழித்தேன், மூன்றாவது தடவை விட்டுவிட்டேன். அனுப்பியாயிற்று.

பத்து மாத வேலை. ஏரிக்கரைக் கணக்கு மொத்தமும் போனது. வருத்தமா, அசதியா, தெரியவில்லை.

9 செப்டம்பர், செவ்வாய்

சார் போன். அறிக்கையை முழுதும் படித்திருக்கிறார். "கடைசிப் பத்தியும் அப்படியே போகட்டுமா?" என்று கேட்டார். போகட்டும் என்றேன். "சரி. நானும் கையெழுத்துப் போடுறேன்." அவ்வளவுதான். அவர் குரலும் களைத்திருந்தது.

மருத்துவமனைக்குப் போனேன். சுமதிக்கு 7.2. இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றியபின், ஊசி வழியாக இரும்புச் சத்து போகிறது. வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க சாம்பார் நல்லாவே இல்ல" என்றாள். அவள் குறை சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

வேலை: ஸ்கூட்டர் பிரேக், காஸ் புக்கிங், அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. ஒன்றும் நடக்கவில்லை.

12 செப்டம்பர், வெள்ளி

வெயில். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் கடிதம் வந்தது. பாட்டில் கொடுப்பதை உடனே நிறுத்த வேண்டும். எல்லோரிடமும் மறுபடி, அவர்களுக்குப் புரிகிற பேச்சில் விளக்க வேண்டும். விருப்பம் இருந்தால் மட்டும் கடைசி ஒரு இரத்த மாதிரி. ஒவ்வொரு குடியிருப்பிலும் குடும்பத்தில் யாருக்குச் சாறு போனது என்றும் கேட்க வேண்டும்.

திருப்புலிவனத்தில் நாலு பாட்டில் தொலைப்பவர்களே நேர்மையானவர்கள் போலிருக்கிறது.

சுமதி இன்று வீட்டுக்கு வந்துவிட்டாள். வாந்தி வராத வேறு மாத்திரை எழுதியிருக்கிறார்கள், சாப்பாட்டுக்குப் பின். நர்சம்மா தினம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "எங்கிட்டயும் சாப்டறன்னுதான் சொல்லிக்கினு இருந்திச்சி. நானும் காலி அட்டையத்தான் பாத்தேன்" என்றார்.

15 செப்டம்பர், திங்கள்

மேகம். நடவு முடிந்து எல்லோரும் வீட்டில்.

இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்துப் போனேன். ஒன்றில் அவர்கள் கண் முன்னாலேயே மாதுளையைப் பிழிந்தேன். இன்னொன்றில் தண்ணீர், கலர், சர்க்கரை, எலுமிச்சை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குனிந்து பார்த்தார்கள். முகர்ந்தார்கள். குப்பு அண்ணன் இரண்டையும் குடித்துவிட்டு, "இதுதான் நல்லாக்கீது" என்று கலர் தண்ணீரைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

பிறகு சிரிப்பு நின்றது. ஒருத்தி கேட்டாள், "அப்ப எங்க ரத்தத்த எட்த்துப் போயி எது நல்லதுன்னு பாப்பீங்கோ. அதுல எங்களுக்கு இன்னா?"

உங்களுக்கு நேராக ஒன்றும் இல்லை, என்றேன். பின்னால் யாருக்காவது உதவலாம். உதவாமலும் போகலாம். வேண்டாம் என்றால் ஒன்றும் ஆகாது, பி.பி. பார்க்க நான் வழக்கம்போல வருவேன்.

இவ்வளவு மெதுவாக நான் பேசியதே இல்லை. ஒரு மணி நேரம் ஆனது.

ஒன்பது பேர் சரி என்றார்கள். இரண்டு பேர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். கடைசியாக முனியம்மா. சுமதி பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம்.

படிவத்தை வைத்தேன். மை டப்பாவைத் திறந்தேன். முனியம்மா கட்டை விரலை நீட்டவில்லை.

"உம்மேல எனக்குக் கோவம் இல்ல. நீ வா, போ, டீத்தண்ணி குடி. ரத்தம் மட்டும் கேக்காதம்மா. வேணாம்."

சரிக்கா, என்றேன்.

படிவத்தின் அடியில் 'மறுத்தார்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பத்து மாதத்தில், நாற்பது பேரில், இதுவரை அதில் என் பேனா பட்டதில்லை. டிக் அடித்தேன். தாளைத் திருப்பி அவளிடம் காட்டி, "இதான் நீங்க சொன்னது. வேணாம்னு எழுதிட்டேன்" என்றேன். அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அத்த அழிச்சிட மாட்டாங்களே?" என்று கேட்டாள்.

மாட்டாங்க.