பதினொன்றாம் தேதி கிழிந்த காலண்டர்

ராஜபாளையம்
17-12-2024

அன்புள்ள அத்தானுக்கு,

பானு எழுதுவது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் இந்தத் தாள். வீட்டில் இன்னும் சகதி கிடப்பதால் உங்கள் மில் முகவரிக்கு அனுப்புகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தேன். பன்னிரண்டாம் தேதி கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த தண்ணீர் நம் வீட்டுக்குள் மூன்றடி ஓரங்குலம் நின்றிருக்கிறது. அளந்தவர் இன்சூரன்ஸ் சர்வேயர் பெலிக்ஸ் சார். வீட்டுக் கடனோடு எடுத்த பாலிசியில் என் நம்பர் இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்.

கதவுகள் உப்பிவிட்டன. ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடக்கிறது. என் புத்தக அலமாரியில் கீழ் இரண்டு தட்டும் கூழாகிவிட்டன. பெலிக்ஸ் சார் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பழைய புத்தகம்னா எடைக்குத்தாம்மா மதிப்பு போடுவாக" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குப் பட்டியல் அப்படி.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்று ராத்திரி நீங்கள் வீட்டில்தானே இருந்தீர்கள்? தண்ணீர் ஏற ஏற அந்த இரண்டு தட்டையாவது எடுத்துப் பரணில் போட்டிருக்கலாமே. கோபத்தில் கேட்கவில்லை. விளங்காமல் கேட்கிறேன்.

கிளெய்ம் படிவத்தில் இருவர் கையெழுத்தும் வேண்டுமாம்.

பானுப்பிரியா


சேத்தூர்
19-12-2024

பானுவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஷிப்டில் மாரிசாமி அண்ணனிடம்கூடக் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறாய் நீ?

நான் எப்படி வீட்டில் இருப்பேன்? அக்டோபர் ஆறாம் தேதி சண்டை போட்டுக்கொண்டு நீ அத்தையோடு ராஜபாளையம் கிளம்பினாய். ரெண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாய். அன்று சாயந்திரமே கோபத்தில் நானும் பையைத் தூக்கிக்கொண்டு மில் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன். ரெண்டு நாளில் நீ திரும்பியிருப்பாய், வீட்டில் நீதான் இருந்தாய் என்று உன் கடிதம் வரும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வந்த அன்று உனக்கு எட்டு தடவை போன் போட்டேன், சிக்னல் இல்லை. விடிந்ததும் பக்கத்து வீட்டுச் சந்தனம் அக்காவுக்குப் போட்டேன். "அவ அம்மா வீட்டுலதான் இருக்கா" என்றது. முந்தின நாள்தான் போயிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ இல்லை என்றால் வாராவாரம் விளக்கு ஏற்றியது யார்? வாசலில் கோலம் போட்டது யார்?

ஜெயபாண்டி


ராஜபாளையம்
22-12-2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான்தான். வெள்ளிக்கிழமை காலையில் காலேஜ் லைப்ரரி வேலைக்குப் போகும் முன் முதல் பஸ்ஸில் வந்து, நீங்கள் ஷிப்டுக்குப் போயிருப்பீர்கள் என்று தைரியமாகக் கதவைத் திறந்து, கோலம் போட்டு விளக்கேற்றிவிட்டு ஓடிவந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். நீங்கள் இருக்கும் வீடு என்று நினைத்ததால்தான் வந்தேனோ என்னவோ.

குளியலறையில் சோப்பு கரைந்திருந்தது. கொடியில் துண்டு கிடந்தது. காலண்டர் கிழிந்திருந்தது. ஆள் இருக்கும் வீட்டில்தானே காலண்டர் கிழியும்? எப்போதும் புதன்கிழமையில் நிற்கும். சரி, இரண்டு நாள் மறந்துவிட்டார் என்று வெள்ளி வரைக்கும் நான் கிழித்துவிட்டு வருவேன்.

நேற்று மறுபடி வீட்டுக்குப் போனேன். சந்தனம் அக்கா மதில்மேல் கையை வைத்துக்கொண்டு, "ஏட்டி பானு, நீயும் அவியளும் ஒளிஞ்சு பிடிச்சா வெளையாடுதீய? அவுக வந்தா நீ இல்ல, நீ வந்தா அவுக இல்ல. நான் என்னத்தன்னு கேக்க?" என்றது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

இனிமேல்தான் சிக்கல். முப்பது நாளுக்கு மேல் ஆள் குடியில்லாமல் கிடந்த வீட்டுக்குப் பாலிசி செல்லாதாம். நாங்கள் இருவரும் வந்து வந்து போனோமே என்று கேட்டேன். அங்கே வந்திருந்த பெலிக்ஸ் சார் தலையைச் சொறிந்தார். "சமைச்சு, சாப்பிட்டு, படுத்து எந்திரிச்சாத்தாம்மா குடியிருப்பு. வெளக்கேத்திட்டுப் போனா அதுக்குப் பேரு வருகை." பிறகு சுவரை நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர்க் கறைக்கு மேலே காலண்டர் நனையாமல் தொங்கியது. டிசம்பர் 11, புதன். "பதினொண்ணாந்தேதி வரைக்கும் கிழிச்சிருக்கு. நான் போட்டோ எடுத்துக்கிடுதேன். ரெண்டு பேரும் இங்கதான் இருந்தோம்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். நான் தோண்டிக் கேக்க மாட்டேன்" என்றார்.

நல்ல மனுஷர். எனக்குத்தான் தலை சுற்றுகிறது. நீங்கள் ஏன் வந்தீர்கள்?

பானுப்பிரியா


சேத்தூர்
25-12-2024

அன்புள்ள பானுவுக்கு,

குவார்ட்டர்ஸ் தண்ணி உப்பு. தலைக்கு ஊற்றினால் பிசுபிசு என்று இருக்கிறது. புதன்கிழமை எனக்கு லீவு, நீ வேலைக்குப் போயிருப்பாய் என்று வந்து குளித்துவிட்டுப் போவேன். காலண்டர் வெள்ளியிலேயே நிற்கும். நீ படிக்க உட்கார்ந்தால் நாள் கிழமை மறந்துவிடுவாய், எனக்குத் தெரியாதா? அதனால் நான் கிழிப்பேன். குளிக்கத்தான் வந்தேன் என்று எழுதியிருக்கிறேன். அது முழுசும் சரி இல்லை. விளக்குத் திரி கருகியிருக்கிறதா என்று பார்ப்பேன். கருகியிருந்தால் சாப்பாடு இறங்கும்.

பெலிக்ஸ் சார் சொன்னபடி எழுதிக் கொடுத்துவிடு. மாரிசாமி அண்ணனும் அதையேதான் சொல்கிறார். "ஏலே, பொண்டாட்டியும் புருசனும் ஒரே வீட்டுல இருந்தோம்னு எழுத எவனாச்சும் யோசிப்பானா?" என்கிறார். அந்தப் பணம் வந்தால்தான் பேஸ்மட்டத்தை ரெண்டடி உயர்த்திக் கட்ட முடியும். இல்லையென்றால் அடுத்த மழைக்கும் இதே கதைதான். யாருக்கு என்ன நஷ்டம்? காலண்டரே சாட்சி.

ஜெயபாண்டி


ராஜபாளையம்
30-12-2024

அன்புள்ள அத்தானுக்கு,

பெலிக்ஸ் சார் சொன்ன படிவத்தில் கையெழுத்துப் போட மூன்று நாள் முயன்றேன். பேனா நன்றாகத்தான் எழுதியது.

கம்பெனியிடம் பொய் சொல்லப் பயமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் உண்டு. ஆனால் அது மட்டும் இல்லை. நாம் இருவரும் அந்த வீட்டில் ஒன்றாக இருந்தோம் என்று நான் எழுதிவிட்டால், அறுபத்தேழு நாள் அம்மா வீட்டில் ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தவள் யார்? அவளை நானே அழித்துவிடுகிற மாதிரி இருக்கிறது. நீங்கள் கூப்பிட்டால் வரலாம் என்றிருந்தேன். நீங்கள் கூப்பிடவில்லை. நான் பேசாமல் இருந்தது கோபத்தில் இல்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். நான் யோசிக்கிறேன் என்று உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லவில்லை.

எது சரி என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அம்மா, "பிழைக்கத் தெரியாதவ" என்கிறாள். இருக்கலாம்.

பெலிக்ஸ் சாரிடம் வேறு படிவம் கேட்டு வாங்கினேன். அதில் வீடு அறுபத்தேழு நாள் காலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு வரி விட்டிருக்கிறார்கள்: காலியாக இருந்ததற்கான காரணம். அதை எழுதத் தெரியவில்லை. நாலைந்து விதமாக மனசுக்குள் எழுதிப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் உங்கள்மேல் குற்றம் வந்து உட்கார்ந்தது, அல்லது என்மேல் பரிதாபம் வந்து உட்கார்ந்தது. வெறுமையாக விட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இருவரும் இருந்தோம் என்கிற முதல் படிவத்தையும் வைத்திருக்கிறேன், கடைசியில் அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எதைக் கொடுப்பது என்பதை உங்களிடம் விடுகிறேன். எதைக் கொடுத்தாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

பானுப்பிரியா


ஸ்ரீவில்லிபுத்தூர்
5-1-2025

அன்புள்ள பானுவுக்கு,

நம் வீட்டிலிருந்து எழுதுகிறேன். லீவு சொல்லிவிட்டு முந்தாநாள் வந்தேன். சுவரில் இன்னும் ஈரம் கோர்த்திருக்கிறது, சகதி வாடை போகவில்லை. சந்தனம் அக்கா பாய் கொடுத்தது.

பெலிக்ஸ் சார் இன்று காலை வந்தார். ரெண்டு படிவத்தையும் அவர் முன்னாலேயே வைத்தேன். முதல் படிவத்தைத்தான் முதலில் எடுத்தேன், பொய் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டும் விட்டேன். பிறகு உன் கடிதத்தில் பஸ் சத்தம் என்று இருந்ததே, அந்த இடம் ஞாபகம் வந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

மற்றதில் காரணம் என்ற இடத்தில், "மனைவியைக் கூப்பிட நான் போகவில்லை" என்று எழுதினேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது கம்பெனிக்குப் போற பேப்பர் சார். வெளியூர் வேலைன்னு போடக் கூடாதா?" என்றார். வேலையால் இல்லையே சார் என்றேன். "பணம் அநேகமா வராது. பொறவு எம்மேல வருத்தப்படக் கூடாது" என்றார். வருத்தப்பட மாட்டேன் என்றேன். டீ குடித்துவிட்டுப் போனார்.

பேஸ்மட்டம் இப்போதைக்கு உயராது. கொத்தனார் செல்லக்கனி வந்து பார்த்தார். பரணை அகலமாக்கித் தருகிறேன் என்கிறார். எவ்வளவு அகலம் என்று கேட்டார். உன் புத்தகங்களுக்கான இடம், நீதான் சொல்ல வேண்டும் என்றேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் உன் அம்மா வீட்டுக்கு வருகிறேன். அத்தையிடம் சொல்லிவை. நீ கிளம்புவாயா மாட்டாயா என்று எனக்குத் தெரியாது. நீ எழுதாத வரைக்கும் நானாக ஒன்றும் ஊகித்துக்கொள்ள மாட்டேன். நேரில் வந்து கேட்கிறேன்.

ஜெயபாண்டி